அம்மா என்ன, 'எக்ஸ்ட்ரா'வா?

ஹோட்டல்காரர்களின் அகராதியில் குடும்பம் என்றால் இரண்டு பேர். மூன்றாவதாக யார் வந்தாலும் அவருக்கு ஒரே பெயர்தான்: 'எக்ஸ்ட்ரா பெர்சன்'. பத்து மாதம் சுமந்து பெற்ற அம்மாவாக இருந்தாலும் சரி, பிளஸ் டூ முடித்த மகளாக இருந்தாலும் சரி, விதிவிலக்கு கிடையாது.

காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். கூடுதல் படுக்கைக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, மனசுக்குள் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறோம். ஆனால், வருடக்கணக்காகப் பாயின்ட் சேர்த்து, அந்தப் பாயின்ட்டில் ரூம் எடுக்கிற நடுத்தரக் குடும்பத்துக்கு இது வெறும் எரிச்சல் இல்லை. ஏமாற்று. யோசித்துத்தான் இந்த வார்த்தையை எழுதுகிறேன்.

பாயின்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பெரிய ஹோட்டல் கம்பெனிகள், தங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாயின்ட் போட்டு வைக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு இரவு 'இலவசமாக'த் தங்கலாம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பயணிகளுக்கு ஆரம்பித்துவைத்த வித்தை இது. 1983-ல் ஹாலிடே இன்னும் மாரியட்டும் ஹோட்டலுக்குக் கொண்டுவந்தன. இப்போது தங்கக்கூட வேண்டியதில்லை. கிரெடிட் கார்டில் மளிகை வாங்கினாலும் ஹோட்டல் பாயின்ட் ஏறும். இந்தியாவிலேயே 2023-ல் ஹெச்.டி.எஃப்.சி வங்கியும் மாரியட்டும் சேர்ந்து அப்படி ஒரு கார்டு கொண்டுவந்தன.

ஆக, இது பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாசலைச் சொந்தக் காசில் மிதிக்கவே மிதிக்காத குடும்பம், கரன்ட் பில், இன்ஷூரன்ஸ், பையனின் காலேஜ் ஃபீஸ் எல்லாவற்றையும் கார்டில் கட்டிக் கட்டி, 'ஒரு தடவையாவது அம்மாவை நல்ல இடமா கூட்டிட்டுப் போகணும்' என்று கனவு காண்கிற சமாசாரம் இது.

அந்தக் கனவு எப்படி உடைகிறது என்று பாருங்கள்.

கம்பெனியின் பக்கத்தில் போய் ஊர், தேதி, 'இரண்டு பேர்' என்று போட்டால் பாயின்ட் ரூம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டை மூன்றாக மாற்றுங்கள். பல ஊர்களில், பல ஹோட்டல்களில், அந்த ரூம் மாயமாக மறைந்துவிடும். அல்லது அதைவிடப் பெரிய ரூம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பாயின்ட் கிடுகிடுவென்று ஏறியிருக்கும். ஹோட்டலுக்கே போன் போட்டால் உரையாடல் அநேகமாக இப்படித்தான் போகும்.

"சார், பாயின்ட் புக்கிங் டபுள் ஆக்குபன்ஸிக்கு மட்டும்தான்."

"அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசுங்க. தனி ரூம்ல விட முடியாது."

"எக்ஸ்ட்ரா பெட் போட்டுத் தரலாம் சார். ஆனா சார்ஜ் பண்ணுவோம்."

"சரி, அதையும் பாயின்ட்ல கழிச்சுக்கோங்க."

"அது முடியாது சார். கேஷ் இல்லேன்னா கார்டு. பாலிஸி சார்."

பாலிஸி! இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாத கம்பெனி உண்டா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இரவுக்கு 20,000 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு 60,000. நூறு ரூபாய் செலவழித்தால் 2 பாயின்ட் என்றால், இதைச் சேர்க்க 30 லட்ச ரூபாய் கார்டில் தேய்த்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் எத்தனை வருடச் செலவு! கடைசியில் அம்மா படுக்க இரவுக்கு 2,500 ரூபாய் வீதம் மூன்று இரவுக்கு 7,500 ரூபாய், அதற்கு வரி வேறு. கட்ட மனசில்லை என்றால் இரண்டாவது ரூம் எடுக்கலாம். அதற்கு இன்னொரு 60,000 பாயின்ட், அதாவது இன்னொரு 30 லட்சம். உயர்நிலை உறுப்பினர்களுக்குத் தருகிற இலவசக் காலைச் சாப்பாடும் பொதுவாக உறுப்பினருக்கும் கூட வரும் ஒருவருக்கும்தான். அம்மா சாப்பிடுகிற இரண்டு இட்லிக்குத் தனி பில்.

ஹோட்டல் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. மூன்றாவது ஆளுக்குத் துண்டு வேண்டும், தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும். ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் ரூமே கைக்குட்டை அளவுதான். தீ விபத்து ஏற்பட்டால் எத்தனை பேர் பத்திரமாக வெளியேற முடியும் என்கிற கணக்கும் உண்டு. அந்தக் காரணத்துக்காக 'இந்த ரூமில் இரண்டு பேர்தான்' என்று சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு ஹோட்டல் பார்க்கலாம். உயிரைவிட பாயின்ட் பெரிதில்லை.

ஆனால், 2,500 ரூபாய் கொடுத்ததும் அதே ரூமுக்குள் அதே கட்டில் வந்துவிடுகிறதே, அப்போது தீ விபத்து எங்கே போயிற்று? அமெரிக்காவில் இதே கம்பெனிகளின் சாதாரண ஹோட்டல்களில் ஒரே ரூமில் இரண்டு பெரிய கட்டில் போட்டு, நான்கு பேர் கொண்ட குடும்பத்தைப் பெரும்பாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் தங்க வைக்கிறார்களே, அது எப்படி? அங்கே குடும்பம் காரில் கிளம்பி ஊர் ஊராகப் போகும். நான்கு பேருக்கு இடமில்லை என்றால் அடுத்த ஹோட்டலுக்கு வண்டியைத் திருப்பிவிடும். அதனால் இடம் கொடுக்கிறார்கள். இங்கே நாம் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறோம். அதனால் வாங்குகிறார்கள். பல இடங்களில் விஷயம் ரூமின் அளவு இல்லை. நம் பொறுமையின் அளவு.

பாயின்ட் வாங்கமாட்டேன், பணம்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்? இதில்தான் சூட்சுமம். வாசலில் தொங்குகிற பெயர்ப் பலகை ஒருவருடையது. கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. பாயின்ட்டில் நாம் தங்கினால், பெயர்ப் பலகைக் கம்பெனி கட்டடக்காரருக்கு ஒரு தொகை கொடுக்கும். ஹோட்டல் நிரம்பி வழிகிற நாளில் அந்தத் தொகை அதிகம். மற்ற நாட்களில் பொதுவாக ரூம் வாடகையைவிட ரொம்பக் குறைவு. ஆகவே, பாயின்ட் விருந்தாளி என்றால் கட்டடக்காரருக்குக் கொஞ்சம் கசப்புதான். எக்ஸ்ட்ரா பெட் பணமோ நேராக அவர் கல்லாவுக்கு வருகிறது. விடுவாரா? இரண்டு முதலாளிகளுக்கு நடுவே இருக்கிற கொடுக்கல் வாங்கல் தகராறை அம்மாவின் தலையில் கட்டுகிறார்கள்.

அடுத்த விஷயம் இதைவிடப் பெரியது. பாயின்ட் என்பது பரிசு என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். "ஓசியில குடுக்கிறப்ப இதெல்லாம் கேக்கலாமா?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். ஓசி இல்லைங்க. நீங்கள் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரர் வங்கிக்குக் கமிஷன் கட்டுகிறார். அவர் அதைச் சரக்கின் விலையில் ஏற்றாமல் விடுவாரா? அந்தக் கமிஷனிலிருந்துதான் வங்கி ஹோட்டல் கம்பெனியிடம் பாயின்ட்டைக் காசு கொடுத்து வாங்கி உங்களுக்குத் தருகிறது. பாயின்ட்டே இல்லாமல் ரொக்கம் கொடுத்துத் துவரம்பருப்பு வாங்குகிற பாட்டியும் இதில் ஒரு பங்கு கட்டுகிறார்.

இது பரிசு இல்லை, கடன் என்பது கம்பெனிகளுக்கே தெரியும். அவர்களின் வரவு செலவுக் கணக்கில் அப்படித்தான் எழுதியாக வேண்டும். 2023 முடிவில் மாரியட்டின் கணக்கில், உறுப்பினர்களுக்குப் பாயின்ட் வகையில் தரவேண்டிய பொறுப்பு என்று இருந்த தொகை 600 கோடி டாலருக்கும் அதிகம். கணக்குப் புத்தகத்தில் கடன். நம்மிடம் பேசும்போது மட்டும் அன்பளிப்பு!

கடன் என்றால் சொன்னபடி திருப்பித் தர வேண்டாமா? எத்தனை பாயின்ட்டுக்கு எந்த ஹோட்டல் என்று முன்பெல்லாம் பட்டியல் போட்டிருந்தார்கள். 2017-ல் ஹில்டன் அதைக் கைவிட்டது. 2022-ல் மாரியட்டும் கைவிட்டது. தேதிக்கு ஒரு விலை, தேவைக்கு ஒரு விலை. இன்றைக்கு 20,000 என்றால் பொங்கல் லீவுக்கு எவ்வளவு? அவர்கள் சொல்வதுதான் கணக்கு. இரண்டு வருடம் கணக்கில் அசைவே இல்லை என்றால் இந்த இரண்டு கம்பெனிகளிலும் பாயின்ட் செத்துவிடும். நம் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? அவரைக் கட்டுப்படுத்த 1982-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. பதிவு செய்ய வேண்டும், ஈடு காட்ட வேண்டும். தெருமுனைச் சீட்டுக்குச் சட்டம் உண்டு. தேசம் தாண்டிய பாயின்ட் சீட்டுக்கு 'பாலிஸி' மட்டும்தான் உண்டு.

இந்த வேடிக்கையின் உச்சத்தைச் சொல்லியாக வேண்டும். 1951-ல் கெம்மன்ஸ் வில்சன் என்கிற அமெரிக்கர், மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குச் சுற்றுலா போனார். வழியில் தங்கிய விடுதியில் ரூம் வாடகை தவிர, குழந்தை ஒன்றுக்கு 2 டாலர் தனியாகக் கேட்டார்கள். மனிதருக்குக் கோபம் வந்தது. ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருடமே மெம்ஃபிஸில் சொந்தமாக ஒரு விடுதி கட்டினார். பெற்றோர் ரூமில் தங்கும் குழந்தைக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார். அதுதான் ஹாலிடே இன். 'கூடுதல் ஆளுக்குக் கூடுதல் காசு' என்பதன் மேல் வந்த கோபத்தில் முளைத்து, உலகம் பூராவும் பரவிய ஹோட்டல் அது!

வில்சன் குழந்தைகளுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தார். இன்றும் பல ஹோட்டல்களில் சின்னக் குழந்தைகள் இலவசமாகத் தங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால், பன்னிரண்டு வயதோ பதினெட்டு வயதோ தாண்டினால், ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும் ஒரு கோட்டைத் தாண்டினால், மறுபடியும் 'எக்ஸ்ட்ரா'. அம்மாக்களுக்காகக் கோபப்பட இன்னும் ஒரு வில்சன் வரவில்லை.

வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? கேட்க வேண்டியது நான்கே நான்குதான்.

1. மூன்று பேர் என்று போட்டால், மூன்று பேருக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதல் திரையிலேயே காட்ட வேண்டும். எக்ஸ்ட்ரா பெட், வரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து.

2. எக்ஸ்ட்ரா பெட்டுக்கும் பாயின்ட் வாங்க வேண்டும். ரூமுக்குச் செல்லுகிற நாணயம் கட்டிலுக்குச் செல்லாது என்றால் அது என்ன நாணயம்?

3. பாயின்ட்டின் மதிப்பைக் குறைப்பதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் எழுத்துமூலம் சொல்ல வேண்டும்.

4. காசு கொடுத்துச் சேர்த்த பாயின்ட் காலாவதி ஆகக் கூடாது.

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வியாபாரத்தில் வாடிக்கையாளரை மடக்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் கடைசியில் குண்டைத் தூக்கிப் போடுவதும் அதில் ஒன்று. அமெரிக்காவில் ஹோட்டல்கள் கட்டாயக் கட்டணங்களை மறைக்காமல் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்கிற விதி 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. ரூபாயில் மறைப்பது தப்பு என்றால், பாயின்ட்டில் மறைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? பாயின்ட்டும் விலைதான் என்று வெளிப்படையாக ஒரு வரி சேர்த்தால் போதும். புதுச் சட்டமே வேண்டாம்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். இரண்டு பேர் என்று புக் செய்துவிட்டு, மூன்றாவது ஆளை விருந்தாளி மாதிரி உள்ளே அழைத்துப் போகும் யோசனை வேண்டாம். வாசலில் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்கிறார்கள். வயதான காலத்தில் அம்மாவை ரிசப்ஷனில் தலைகுனிந்து நிற்க வைக்காதீர்கள். புக் செய்வதற்கு முன்னால் ஹோட்டலுக்கே மெயில் அனுப்புங்கள். மூன்று பெரியவர்கள், பாயின்ட் புக்கிங், எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு, சாப்பாடு சேர்த்தியா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில ஹோட்டல்கள் இலவசமாகவே கட்டில் போட்டுத் தருவதும் உண்டு. சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. முக்கியமாக, பாயின்ட்டைப் பெட்டியில் பூட்டிய நகை மாதிரி வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். நகை விலை ஏறும். பாயின்ட் விலை இறங்கும்.

கடைசியாக ஹோட்டல் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விளம்பரங்களில் பாட்டியும் பேத்தியும் நீச்சல் குளத்தோரம் சிரிக்கிறார்கள். அந்தப் பாட்டிக்கு எந்த ரூமில், எந்தக் கட்டில்? அதற்கு எத்தனை பாயின்ட்? அதையும் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்களேன்.