உயில் எழுதினால் ஆயுள் குறையுமா?

ஆடி அமாவாசையன்று நமது பவானிக் கூடுதுறைக்கு வந்து பாருங்கள். செத்துப்போன தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, புரோகிதருக்கு அரிசியும் காயும் தட்சணையும் கொடுக்கும் ஜனங்களுக்குக் கணக்கில்லை. அவர்களில் ஒருவரை நிறுத்தி, "ஐயா, உமக்குப் பின் உமது தறியும் வீடும் காடும் யாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறீரா?" என்று கேளுங்கள். "நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதீர்" என்பார். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவதாகக் கலப்பதாகச் சொல்லப்படும் அமுத நதி எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. தெரியாத நதியை நம்புகிறவர், கண்ணுக்குத் தெரியும் சாவை மாத்திரம் நம்ப மாட்டேன் என்கிறார்!

உயில் எழுதினால் ஆயுள் குறையுமாம். அப்படியானால், எழுதாதவர்களில் எத்தனை பேர் சாகாமல் இருக்கிறார்கள் என்று கேட்கிறோம்.

சரி, எப்போது எழுதுவது? தலை நரைக்கட்டும் என்பது சோம்பேறித்தனம். 18 வயது நிரம்பிய, புத்தி சுவாதீனமுள்ள எவரும் எழுதலாம் என்கிறது சட்டம். தனக்கென்று ஒரு சொத்தும், தன்னை நம்பி ஒரு ஜீவனும் என்றைக்கு உண்டாயிற்றோ, அன்றைக்கே எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சாகும் படுக்கையில் கையைப் பிடித்து வாங்கும் கையெழுத்து வீட்டுக்குள் வழக்கைத்தான் கொண்டுவரும். சந்தேகத்திற்கு இடமான உயிலானால், அச்சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு அதைக் காட்டுகிறவனுடையதே என்று 1959லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

எழுதாமல் போனால் என்ன? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவன் தானாகத் தேடிய சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபாகம். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பூர்வீகச் சொத்திலும் மகள் மகனுக்குச் சமம். பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபோது சிரித்தவர்கள் இன்று எங்கே?

ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறது. வழக்கம் வீட்டில் இருக்கிறது. காரியம் முடிந்த ஈரம் காயுமுன், "சீர் செய்தாயிற்றே, அம்மணி" என்று சொல்லி, அண்ணன்மார் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். போடாவிட்டால் பிறந்தகம் இல்லை என்ற பயத்தில் அவளும் கையெழுத்துப் போடுகிறாள். விதவையான தாயோ மகன் வீட்டுத் திண்ணைக்குப் போகிறாள். தகப்பன் உயிரோடிருக்கும்போதே நாலு வரி தெளிவாக எழுதியிருந்தால் இந்த அநியாயத்துக்கு இவ்வளவு துணிவு வருமா?

அதே உயிலைக் கொண்டு மகளை வெட்டிவிடலாமே என்று சிலர் யோசிக்கக்கூடும். அதற்காக எழுதுவதைவிட எழுதாமலிருப்பதே யோக்கியம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்திட, அதைப் பார்த்த சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். சொத்தை அடைகிறவர் சாட்சியாக இல்லாதிருப்பது நலம். பதிவு கட்டாயமல்ல, செய்தால் பந்தோபஸ்து. உயிரோடிருக்கும் வரை சொத்து உமதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பூர்வீகத்தில் உமது பங்குக்கு மாத்திரமே எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே, செத்த பிறகு உமக்கு இறைக்கப்போகும் எள்ளை நம்பாதீர். இருக்கும்போதே, மனைவிக்கும் மகளுக்கும் சேர வேண்டியதை எழுதி வையுங்கள்.