அளவுகோலும் பிள்ளை மனமும்

சாவகச்சேரியில் எமது அயல்வீட்டார் சென்ற விடுமுறையில் தென்னிலங்கைப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குச் சென்றனர். இரவெல்லாம் பயணம், காலையில் இராட்டின வாசலில் அளவுகோல். தமையன்மார் இருவரும் உள்ளே போயினர். கடைக்குட்டி மட்டும் வெளியே நின்றான். "நீ கட்டை, வளர்ந்த பிறகு வா" என்று சிரித்தாராம் பெரியப்பா. பிள்ளை அன்று முழுதும் வாய் திறக்கவில்லை.

குற்றம் அளவுகோலினுடையதன்று. விரைந்தோடும் வண்டியில் உடலைப் பிணிக்கும் கம்பியும் பட்டியும் குறித்த அளவினர்க்கென அமைந்தவை. சிற்றுடல் அவற்றினூடே நழுவக்கூடும். கலிபோர்ணியா டிஸ்னிலாந்தில் 1959இல் தொடங்கிய மாற்றர்ஹோர்ன் மலைவண்டியில் ஏற 42 அங்குல உயரம் வேண்டும். தடித்த பாதணியால் இத்தகைய விதியை ஏய்ப்பவர் பிள்ளையின் உயிரையே பணயம் வைக்கின்றார்.

குற்றம் நமது ஆயத்தக் குறைவே. பூங்காவின் விதியை முன்னரே கேட்டறிந்து, பிள்ளையை வெறுங்காலுடன் சுவரோரம் நிறுத்தி அளக்கலாம். ஏற இயலாதவற்றை வீட்டிலேயே எடுத்துச் சொல்லலாம். எல்லோர்க்கும் ஏற்றவற்றை முதலில் வைத்து, ஏனையவற்றில் பெரியோர் மாறி மாறிப் பிள்ளையுடன் நிற்கலாம். அங்ஙனம் நின்றவர் மீண்டும் நெடுவரிசையில் காத்திராது ஏறுதற்கு டிஸ்னிலாந்தில் ஒழுங்குண்டு.

"இத்தனை தொல்லை ஏன்? சின்னவனைப் பாட்டியிடம் விட்டுப் போகலாமே" என்பாரும் உளர். அவனை விட்டுச் செல்வது குடும்பப் பயணம் ஆகுமா?

அயல்வீட்டு நிலைக்காலில் இப்போது ஒரு கரிக்கோடு இருக்கின்றது. அதனைக் கீறியவன் அச்சிறுவனே.