“நம்ம கிளாஸ்ல சாதியே கிடையாதுடா”

போன மாதம் எங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்தது. 2006-இல் பிளஸ் டூ முடித்தவர்களின் 20-ஆம் ஆண்டு சந்திப்பு. காலையில் பள்ளிச் சிற்றாலயத்தில் நன்றித் திருப்பலி, பிறகு பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, மதியம் பிரியாணி. அதற்குக் கீழே ஒரு நண்பன் எழுதியிருந்தான்: “அந்த நாள் திரும்ப வராதுடா. ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டோம். நம்ம கிளாஸ்ல சாதியே கிடையாது.” நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அந்த நாற்பதில் நாங்கள் இல்லை. நாங்கள் என்றால், அந்த வகுப்பில் காலனித் தெருக்களிலிருந்து வந்த ஒன்பது பேர். அதில் நான்கு பேர்தான் குழுவில் இருக்கிறோம். அன்று இரவு நான்கு பேரும் போனில் பேசினோம். ரொம்ப நேரம் பேசினோம். பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். பள்ளியின் பெயரோ நண்பர்களின் பெயரோ இதில் இருக்காது. பெயரைப் போட்டால் எல்லோரும் அந்த ஒரு பள்ளியைப் பற்றிப் பேசிவிட்டு மற்ற பள்ளிகளை விட்டுவிடுவார்கள்.

முதலில் டிபன் பாக்ஸ். அவன் சொன்னது பொய் இல்லை. எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்காக மூன்றாவது பெஞ்ச் வரைக்கும் கை நீளும். அதைச் சொன்ன நண்பன் எங்கள் வகுப்பு அணியின் கோல்கீப்பர். மழையில் நனைந்தால் எங்கள் சட்டையை அவன் போட்டுக்கொண்டு போவான். காய்ச்சல் வந்து போர்டிங்கில் கிடந்தபோது வார்டன் ஃபாதருக்குத் தெரியாமல் பரோட்டா வாங்கி வந்தவனும் அவன்தான். இதையெல்லாம் மறுக்க வேண்டிய அவசியம் எங்களுக்கில்லை.

ஆனால் எங்களுக்கு வேறொரு நாளும் நினைவிருக்கிறது. ஏழாம் வகுப்பு, ஜூலை மாதம். ஆபீசிலிருந்து பியூன் சுற்றறிக்கை கொண்டுவந்தார். ஆசிரியர் சத்தமாக வாசித்தார்: “எஸ்.சி., எஸ்.டி., கன்வெர்ட்டட் கிறிஸ்டியன் ஸ்காலர்ஷிப். பேர் வாசிக்கிறவங்க எந்திரிச்சு நில்லுங்க.” ஒன்பது பெயர்கள். அதில் ஐந்து பெயர்கள் புனிதர்களின் பெயர்கள். காலையில் பூசைக்குப் பீடச்சிறுவர்களாக வெள்ளை அங்கி போட்டு நின்ற பையன்களே அந்த ஐந்து பேர். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாகக் கேட்டான்: “அப்ப நீங்களுமாடா?”

அந்த ஒற்றைக் கேள்விதான். அடியில்லை, திட்டில்லை. யாரும் தட்டைத் தனியாக வைக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் அதே ஜூலையில் எங்களில் ஒருவன் சுற்றறிக்கை வருவதைப் பார்த்ததும் வயிற்றுவலி என்று கழிப்பறைக்கு ஓடினான். அதற்கடுத்த வருடமும் ஓடினான். பத்தாம் வகுப்பு வரைக்கும் அவன் ஒரு ரூபாய் உதவித்தொகை வாங்கவில்லை. அவன் அப்பா செங்கல் சூளையிலிருந்து லீவு சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்து கேட்டபோது, “உங்க பையன் ஃபாரமே கொடுக்கலியே” என்று பதில் வந்தது. அந்த அப்பா அவனை அடித்தார். எங்கள் முன்னால்தான் அடித்தார். ஏன் கொடுக்கவில்லை என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்பதையெல்லாம் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அதில் சின்னதாக இன்னொன்றும் உண்டு: உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வாசிக்காமல், தலைமையாசிரியர் தன் அறைக்கு மாணவனைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது எங்களுக்குக் கழிப்பறைக்கு ஓடியவன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

இனி சான்றிதழ் கதை. எங்கள் ஒன்பது பேரில் இரண்டு பேர் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். ஒரே தெரு, ஒரே கிணறு. ஒருவன் வீட்டில் இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ். மற்றவன் வீட்டில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், அதனால் ஆதிதிராவிடக் கிறித்தவர், அதாவது பிற்படுத்தப்பட்ட வகுப்பு. உதவித்தொகைக்கு எழுந்து நிற்கும்போது அவனும் எங்களோடு நிற்க வேண்டும். கல்லூரி சீட்டுக்கும் அரசு வேலைக்கும் வரிசையில் நிற்கும்போது, தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற சாதிப் பிள்ளைகளோடு பி.சி. வரிசையில் நிற்க வேண்டும். 2006-இல் இருவரும் ஏறக்குறைய ஒரே கட்ஆஃப். ஒருவனுக்கு அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்தது. மற்றவன் இரண்டு வருடம் மெடிக்கல் ஷாப்பில் நின்றான்.

இந்தப் பிரிவினையை எழுதியது எங்கள் பள்ளி அல்ல. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியே. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. பதினைந்து வருடம் கழித்து, 2022-இல், மறுபடியும் ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதே பட்டியலைப் பிடித்துத்தான் நடக்கிறது. தேவாலயத்துக்குப் போகிறவனைச் சாதி சொல்லித் திட்டினால் அந்தச் சட்டத்துக்குக் காது கேட்காது.

இதைச் சொன்னால் ஃபாதர்மார்கள் உடனே தலையாட்டுவார்கள். 1950 ஆணைக்கு எதிரான கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருவார்கள். உட்காரட்டும், அது நியாயமான கோரிக்கை. டில்லியைக் கேட்கிற அதே கேள்வியைத் தங்கள் பங்குத் தந்தை வீட்டுத் திண்ணையில் கேட்பார்களா என்பதுதான் எங்கள் சண்டை.

கோல்கீப்பருக்கு வருவோம். அவனும் எங்களில் மூன்று பேரும் ஒரே பங்கு. அவன் ஊர்த்தெரு, நாங்கள் காலனி. பள்ளியில் ஒரே மறைக்கல்வி வகுப்பு, ஒரே ஜெபமாலை. திருவிழாவில் சப்பரம் ஊர்த்தெருவைச் சுற்றி வந்து, எங்கள் தெரு முனையில் நின்று, அப்படியே திரும்பிவிடும். காலனி சனங்கள் முனைக்கு வந்து மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம் காலனி இளைஞர்கள் சப்பரத்தை உள்ளே கொண்டுவரச் சொல்லிக் குறுக்கே உட்கார்ந்தார்கள். தண்டு பிடித்த ஊர்த்தெரு ஆட்களோடு கோல்கீப்பரும் நின்றான். பதினாறு வயது, தோளில் துண்டு. எங்களைப் பார்த்தான். பிறகு சப்பரத்தில் இருந்த மாதாவைப் பார்த்தான். திரும்புகிற பக்கம் தோள் கொடுத்தான்.

திங்கட்கிழமை பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவன் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். நாங்களும் வழக்கம்போலக் கொடுத்தோம். இருபது வருடமாக இரண்டு தரப்பும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ‘சாதியே கிடையாது’ என்று சொல்வது இந்த மௌனத்தைத்தான்.

2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் நடுவே வீடுகள் தாக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடு வரை போனபோது, நாங்கள் கல்லூரியில் இருந்தோம். வகுப்புத் தோழர்கள் பலரும் “நம்பவே முடியலடா” என்றார்கள். எங்களால் நம்ப முடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிப் பேசினாலும் இதே ஆச்சரியம்தான். 2003-லேயே போப் இரண்டாம் ஜான் பால், ரோமுக்கு வந்திருந்த தமிழக ஆயர்களிடம் சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, தலைமையில் தலித்துகள் மிகக் குறைவு என்று தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆயர்களே ஒப்புக்கொண்டதை எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். பள்ளிப் பருவம் அவ்வளவு புனிதமாம்.

“படிப்பு கொடுத்த பள்ளியையே குறை சொல்றீங்களே” என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், கொடுத்தது. மற்ற கதவுகள் மூடியிருந்த காலத்தில் எங்கள் தாத்தாக்களுக்கு எழுத்தறிவித்தது மிஷன் பள்ளிகள்தான். அந்தக் கடனை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நாங்கள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, ஆசிரியர் சம்பளம் அரசுக் கஜானாவிலிருந்து வந்தது. நிர்வாக உரிமைக்குச் சட்டப் பிரிவு 30 இருக்கிறது. சேர்க்கை இட ஒதுக்கீட்டிலிருந்து பிரிவு 15(5) விலக்குக் கொடுக்கிறது. சிறுபான்மையினரைக் காக்கத் தந்த உரிமை இது. தமிழ்நாட்டில் அந்தச் சிறுபான்மையினரில் பெரும்பகுதி எங்கள் சனம். நாங்கள் படித்த ஏழு வருடத்தில் ஆசிரியர் அறையில் எங்கள் தெருக்களைச் சேர்ந்த ஒருவரைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. தோட்டத்திலும் போர்டிங் சமையற்கட்டிலும் பார்த்தோம். அவர்களில் ஒருவர் எங்களில் ஒருவனுடைய மாமா. வகுப்பில் யாருக்கும் அது தெரியக் கூடாது என்று அவர் எங்களைப் பார்த்தாலும் பேசமாட்டார். மாமா இறந்து நாலு வருடமாகிறது.

பின்னாளில் எங்களில் ஒருவர் சமூகவியல் முதுகலை படித்தபோது ‘சமூக மூலதனம்’ என்ற சொல் பாடத்தில் வந்தது. அவருக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் போதும்: யார் மகனுக்கு எந்தக் கல்லூரி, யார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஃபாதரைப் பார்த்தால் காரியம் நடக்கும். ஒன்பதில் ஐந்து பேர் இல்லாத குழுவில் இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கிற தம்பிகள், கல்லூரி மாணவர்கள், ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவை எடுங்கள். குழுவில் இல்லாதவர்கள் யார், எந்த வருடம் நின்றார்கள், எந்தத் தெரு என்று எழுதுங்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். போன் மட்டும் வேண்டாம், நேரில் போங்கள். நாங்கள் திருப்பூருக்குப் போய் வந்தோம். “சுற்றறிக்கை வருதுன்னு எப்படிடா கரெக்டா கண்டுபிடிப்ப?” என்று கேட்டதற்கு, “பியூன் அண்ணன் செருப்புச் சத்தம்” என்றான். சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்றால்.

சந்திப்பு ஜனவரி இரண்டாம் ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் பழைய மாணவர்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். எங்களில் ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறோம். கோல்கீப்பருக்கும் தனியாகச் செய்தி அனுப்பினோம், சப்பரத்தைப் பற்றி. இரண்டு நீல டிக் விழுந்து பதினோரு நாள் ஆகிறது.