தானமாகப் பெற்ற குரல்

மொழியியல் களப்பணி அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: தகவலாளரின் பெயர் நீக்கப்பட்டது, எனவே அவரது தனியுரிமை காக்கப்பட்டது. அச்சிட்ட சொற்பட்டியலுக்கு இது ஓரளவு பொருந்தியது. ஒலிப்பதிவுக்குப் பொருந்தாது. குரலைக் கொண்டே ஆளை அறியும் மென்பொருள் வங்கிச் சேவைகளில் புழங்கும் காலம் இது. பெயரை மட்டும் அழிப்பது, கதவைத் திறந்துவைத்துப் பெயர்ப்பலகையைக் கழற்றுவதற்கு ஒப்பாகும்.

மைசூருக்கு இது அயலார் சிக்கலன்று. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-இல் நிறுவப்பட்டு இங்கே மானசகங்கோத்ரியில் இயங்குகிறது. அதன் எல்.டி.சி.-ஐ.எல். திட்டம் அட்டவணை மொழிகளின் எழுத்துத் தரவையும் பேச்சுத் தரவையும் திரட்டி வழங்குகிறது. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் தமிழுக்கும் கன்னடத்துக்கும் வாய்க்க அவ்வுழைப்பு இன்றியமையாதது. அதைக் கண்காணிப்பு என்று தூற்றுவது நேர்மையாகாது. ஆயினும் இடரை அளக்கும் அளவுகோல் மாற வேண்டும்.

பேச்சுத் தரவோடு பால், வயது, வட்டாரம் ஆகியவற்றைக் குறிப்பது மரபு. அமெரிக்க மக்களில் சுமார் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றைக் கொண்டே தனித்து இனங்காண இயலும் என லட்டான்யா ஸ்வீனி கணித்தார். பெருமொழி பேசுவோருக்கே இந்நிலை. ஹெக்கடதேவனகோட்டை, ஹுணசூர் வட்டங்களின் ஜேனு குருபர் குடியிருப்பான ஒரு ஹாடியை எண்ணிப் பார்க்கலாம். “எழுபது வயதுப் பெண், இன்ன ஹாடி” என்றாலே அக்கம்பக்கத்தார் அவர் யாரென்று அறிவர். நாகரஹொளெக் காட்டிலிருந்து பலர் வெளியேற்றப்பட்ட சமூகம் அது. வாழ்க்கைக் கதை சொல்லும்போது தேனெடுத்த இடமும் வனத்துறையோடு நேர்ந்த பிணக்கும் பேச்சில் வரத்தான் செய்யும். இலக்கணத்துக்காகப் பதிந்த வாக்கியம் வேறொருவர் கையில் வாக்குமூலமாகிவிடும்.

தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. பின்னர் வந்த 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பு ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளிலோ கிடைக்க வேண்டும் என்கிறது. ஜேனு குருபரின் மொழி அவ்வட்டவணையில் இல்லை. எந்த மொழியைப் பதிவு செய்கிறார்களோ அந்த மொழியில் ஒப்புதல் கேட்கும் கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பது மொழியியலாளரை உறுத்த வேண்டும். போதாக்குறைக்கு, உரிய நெறிகளுக்கு உட்பட்ட ஆய்வுப் பணிக்கு அச்சட்டம் விலக்கும் அளிக்கிறது.

சொல்லும் இங்கே வேலை செய்கிறது. பாஷிணி திட்டத்தில் மக்களிடம் குரல் திரட்டும் பகுதிக்கு ‘பாஷாதான்’ என்று பெயர். நம் மரபில் தானம் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது இழுக்கு. சட்டமோ ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்கிறது. இரண்டும் ஒரே படிவத்தில் எவ்வாறு பொருந்தும்? பயிற்சி முடிந்த மாதிரியிலிருந்து ஒருவரின் குரலைப் பிரித்தெடுப்பதும் எளிதன்று. ஆகவே மறுக்கும் வாய்ப்பு பதிவுக்கு முன்பே மெய்யானதாக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக நெறிக்குழுக்கள் கையொப்பப் படிவத்தோடு நிறைவடையலாகாது. விளக்கம் பேசுவோரின் மொழியிலேயே, வாய்மொழியாக, ஒலிப்பதிவில் இருக்கட்டும். ஊர்க்குறிப்பு தனியே பூட்டப்படட்டும். பதிவை முழுதும் கேட்ட பிறகு எந்தப் பகுதியை வெளியிடலாம் என்று சொல்லும் உரிமை பேசியவருக்கே இருக்கட்டும். இதனால் ஒரு முனைவர் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகலாம், போகட்டும்.