கடல் மயக்கம் கோழைத்தனம் அன்று

வடபுலத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான கடல்வழி, பல தசாப்தங்களின் பின்னர் மீண்டும் மக்கள் பாவனைக்கு வந்தது. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவை ஆரம்பமானது. சில நாட்களிலேயே தடைப்பட்ட அச்சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. இவை பற்றி ஏராளமான செய்திகள் வெளிவந்தன. கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ பொதி கொண்டு செல்லலாம், விசா நடைமுறை என்ன என்றெல்லாம் எழுதினார்கள். பயணியின் உடலைக் கடல் என்ன செய்யும் என்பதைப் பற்றி மட்டும் நான் வாசித்தவற்றில் ஒரு வரி தானும் இல்லை.

அது எழுதத் தகாத விடயம் எனக் கருதினார்கள் போலும். யாழ்ப்பாணத்தில் நாம் 'சத்தி' என்று சொல்லும் வாந்தி, அச்சில் ஏறக்கூடாத சொல்லாகவும் சபையில் பேசக்கூடாத பொருளாகவும் இருந்து வருகிறது. கடலில் சத்தியெடுப்பவன் பலவீனன், கடல் கண்டு பழகாத உள்ளூரான், பயந்தாங்கொள்ளி. இந்தக் கேலி நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. இதன் விளைவு வெறும் மனவருத்தத்துடன் நின்றுவிடுவதில்லை என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், திருகோணமலைக்கும் குடாநாட்டுக்கும் இடையே கப்பலில் பயணித்த பல்லாயிரவருள் நானும் ஒருவன். உட்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுள் பாதிப் பேர் நள்ளிரவுக்கு முன்னரே சத்தியெடுத்துக் களைத்துப் போயிருந்தனர். அவர்களைவிட என் நினைவில் நிற்பவர் ஒரு மூதாட்டி. நாலு பேர் முன்னிலையில் சத்தியெடுக்க நேருமே என்ற கூச்சத்தினால், முதல்நாள் மாலையிலிருந்து எதுவும் உண்ணாமல் ஏறியிருந்தார். ஆனால், நீரிழிவுக்கான மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருந்தார். விடிவதற்குள் மயங்கிச் சரிந்துவிட்டார். பக்கத்திலிருந்த ஒருவர் சீனி கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருக்கியதால் பிழைத்தார். அவரை வீழ்த்தியதில் கடலுக்கு இருந்த பங்கைவிடக் கூச்சத்துக்கு இருந்த பங்கே அதிகம்.

கடல் மயக்கம் ஏன் ஏற்படுகிறது? நமது உட்செவியில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் மூன்று உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடல் எழுகிறதா, தாழ்கிறதா என்பதை இக்குழாய்களும் இவற்றோடு இணைந்த உறுப்புகளும் மூளைக்கு அறிவிக்கின்றன. மூடிய அறையொன்றுக்குள் அமர்ந்திருக்கும்போது கண் 'எல்லாம் அசையாமல் இருக்கின்றன' என்கிறது. செவியோ 'அசைந்து கொண்டிருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க இயலாத மூளையின் பதில்தான் குளிர்ந்த வியர்வை, கொட்டாவி, குமட்டல், இறுதியில் சத்தி.

இதற்குச் சான்றுகள் உண்டு. 1882ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், செவிப்புலனற்ற பலரிடம் விசாரித்து, அவர்களுள் கணிசமானோருக்குத் தலைச்சுற்றலோ கடல் மயக்கமோ ஏற்படுவதில்லை எனக் கண்டறிந்தார். உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவருக்குக் கடல் மயக்கம் வராது. அவ்வாறாயின், அது வருகின்றவரின் செவி சரிவர வேலை செய்கிறது என்பதே பொருள். அது நோயின் அறிகுறியும் அன்று, நெஞ்சுரம் இன்மையின் அடையாளமும் அன்று. டிரபல்கர் கடற்போரில் வென்ற நெல்சன் கடல் மயக்கத்தினால் அவதிப்பட்டவர். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்த சார்ள்ஸ் டார்வினைப் பயணத்தின் இறுதிவரை அது விட்டகலவில்லை. இவர்களையும் நாம் பயந்தாங்கொள்ளிகள் என்போமா?

எல்லா அலைகளும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒரு தடவை மேலும் கீழுமாக நிகழும் மெதுவான அசைவே வயிற்றை அதிகம் கலக்குகிறது என ஆய்வாளர் கூறுகின்றனர். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. காற்று சற்று வலுத்தாலே குறுகிய, செங்குத்தான அலைகள் எழும். பெருங்கப்பலில் போனால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் முழுமையாகச் சரியன்று. உல்லாசக் கப்பல்களின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் சமநிலைச் சிறகுகள் பக்கவாட்டு ஆட்டத்தையே தணிக்கின்றன. முன்னும் பின்னும் எழுந்து விழும் அசைவை அவை பெரிதாகத் தடுப்பதில்லை.

ஆகவே பயணி செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, இடம். கப்பலின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அண்மையில் அசைவு மிகக் குறைவு. முனையிலும் உயர்ந்த தளங்களிலும் அசைவு அதிகம். அறையை முன்பதிவு செய்யும்போது காட்சி அழகுக்காக உச்சித் தளத்தைத் தெரிவு செய்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் நின்று அடிவானத்தைப் பார்த்திருப்பது நல்லது. அப்போது கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொல்லும். அது இயலாவிடின் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொள்ளலாம். புத்தகமும் கைத்தொலைபேசியும் அன்றைக்கு எதிரிகள்.

இரண்டாவது, உணவு. வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒருங்கே கேடு. இரண்டு துண்டுப் பாண், அல்லது சில கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டுகள், சிறிது தண்ணீர் போதுமானவை. எண்ணெய்ப் பலகாரங்களையும் மதுவையும் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அன்றைய மாத்திரையையோ ஊசியையோ எவ்வாறு எடுப்பது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். ஒரு பொதி ஜீவனி கைப்பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, மருந்து. இது விடயத்தில் நம்மவர்கள் இரண்டு பிழைகளை விடுகிறார்கள். மாத்திரையைச் சத்தி தொடங்கிய பின்னர் விழுங்குவது ஒன்று. குமட்டல் தொடங்கியதும் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால் மருந்து உடலில் சேர்வதில்லை. பயணத்துக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்னரே அதை எடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு வாந்தி மாத்திரையை எடுத்துச் செல்வது மற்றையது. சாதாரண வாந்திக்குத் தரப்படும் டொம்பெரிடோன், தும்மலுக்கான செற்றிரிசின் போன்றவை மூளைக்குள் போதியளவு நுழையாதவை. கடல் மயக்கத்துக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. டைமென்ஹைட்ரினேற், புறோமெதசின் போன்ற மருந்துகளே பயனளிப்பவை. டைமென்ஹைட்ரினேற் 1948இல் அமெரிக்கப் படையினரை ஏற்றிச் சென்ற கப்பலொன்றில் பரீட்சிக்கப்பட்டுப் புகழ்பெற்றது. இவை உறக்கத்தை உண்டாக்கும் என்பதால் கரையிறங்கியவுடன் வாகனம் செலுத்தலாகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்களும் வைத்திய ஆலோசனை இன்றி எதனையும் எடுக்கக்கூடாது.

நம் முன்னோரின் கைவைத்தியத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1988இல் டென்மார்க்கின் கடற்படைப் பயிலுநர் எண்பது பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஒரு கிராம் இஞ்சித் தூள் சத்தியை ஓரளவு குறைத்தமை பதிவாகியுள்ளது. எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லையாயினும், வேர்க்கொம்பு போட்ட தேநீரால் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. தேசிக்காயை முகர்வது டீசல் நெடியை மறக்கவாவது உதவும். மணிக்கட்டில் அணியும் அழுத்தப் பட்டிகளுக்கு உறுதியான சான்று இல்லை.

நீண்ட பயணம் செல்வோருக்கு ஓர் ஆறுதல் உண்டு. இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலானோரின் மூளை புதிய அசைவுக்குப் பழகிவிடும். ஆனால் நான்கு மணி நேரப் படகுப் பயணிக்கோ நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் செல்லும் ஆசிரியைக்கோ அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அவர்களுக்கு முன்னாயத்தமே வழி.

அந்த முன்னாயத்தத்தைப் பயணியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா? அன்று கடல் எப்படியிருக்கும் என்பது படகை இயக்குபவர்களுக்குத் தெரியும். அதனைப் பயணிக்கு முதல்நாளே தமிழில் அறிவிப்பதற்குச் செலவேதும் இல்லை. எந்த மாத்திரையை எப்போது எடுக்கலாம் என்ற நான்கு வரிகளைப் பயணச்சீட்டின் பின்புறத்தில் அச்சிடலாம். நடுப்பகுதி இருக்கைகளை முதியோருக்கும் குழந்தைகளோடு வருவோருக்கும் ஒதுக்கலாம். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு பையும், கேட்டவுடன் கொடுக்கக் குடிநீரும் இருக்க வேண்டும். ஆகாயவிமானத்தில் இருக்கைக்கு முன்னே பை வைத்திருப்பதை எவரும் அவமானமாகக் கருதுவதில்லை. கடலில் மட்டும் ஏன் பயணி தன் சொப்பிங் பையை ஒளித்துக்கொண்டு ஏற வேண்டும்?

போர்க்காலத்தில் கடற்பயணம் நம் மீது திணிக்கப்பட்டது. அன்று உயிர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தோம். வயிற்றைப் பற்றி முறையிட எவருக்கும் வாயில்லை. இன்று பணம் கொடுத்து விரும்பி ஏறுகிறோம். சிதம்பரம் தரிசனத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உறவுகளைக் காண்பதற்கும் போகிறோம். இப்போதாவது பயணிக்கு உடல் என்று ஒன்று உண்டு என்பதை நினைவிற் கொள்வோம். பக்கத்து இருக்கையில் ஒருவர் முகம் வெளிறி வியர்த்துக் கொட்டாவி விட்டால், சிரிக்காதீர்கள். சன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து, தூரத்து அடிவானத்தைக் காட்டுங்கள். அடுத்த அலையில் அந்த முறை உங்களுடையதாகவும் இருக்கலாம்.