அயோவாக்காரன் முட்டாளா?

அமெரிக்காவில் தேர்தல் முடிவு வந்தா போதும், இங்கே சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் உட்கார்ந்துக்கிட்டு சில பேர் தீர்ப்பு எழுத ஆரம்பிச்சிடுறாங்க. நகரம் யோசிச்சு ஓட்டு போட்டுச்சாம், பட்டிக்காடு தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிச்சாம். அந்த ஊர் விவசாயி விவரமில்லாதவன், நிறவெறி பிடிச்சவன். கணக்கு முடிஞ்சது.

கொஞ்சம் பொறுங்க சாமி. கணக்கையே பார்ப்போம்.

அயோவா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் ஹோவர்ட் என்று ஒரு கவுன்ட்டி இருக்கு. நம்ம தாலுகா மாதிரின்னு வச்சுக்கங்க. மக்காச்சோளம், சோயா, பன்னி, மாடு, இதுதான் பிழைப்பு. பசுமைப் புரட்சிக்காக நம்ம எம்.எஸ். சுவாமிநாதனோட சேர்ந்து வேலை பார்த்த நார்மன் போர்லாக், அங்கே கிரெஸ்கோ பள்ளிக்கூடத்துல படிச்சவர்தான்.

இந்த ஹோவர்ட் 2008-லயும் ஒபாமாவுக்குத்தான் போட்டது. 2012-ல் அவரை 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வச்சது. நாலே வருஷம் கழிச்சு, 2016-ல் டிரம்பையும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வச்சது. அமெரிக்காவின் மூவாயிரத்துச் சொச்சம் கவுன்ட்டிகளில் இப்படிப் புரண்டது இது ஒண்ணுதான். அயோவாவின் 99 கவுன்ட்டிகளில் 31, ரெண்டு தடவை ஒபாமாவுக்குப் போட்டுட்டு டிரம்ப் பக்கம் போனவை.

அங்கே நிறவெறியே இல்லைன்னு சான்றிதழ் கொடுக்க நான் வரல. ஆனா கறுப்பரான ஒபாமாவை ரெண்டு தடவை ஜெயிக்க வச்ச ஊரை அந்த ஒரு வார்த்தையில அடைச்சிட முடியுமா?

அப்ப என்ன நடந்தது? 1900-ல் ஹோவர்டில் 14 ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்க. 2020-ல் 9,500 கூட இல்லை. 1980-களில் கடன் கழுத்தை நெரிச்சு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போச்சு. மிச்ச நிலம் பெரிய கைகளுக்குப் போச்சு. இன்னைக்கு அயோவாவில் ஒரு மனுஷனுக்கு ஏழு பன்னி இருக்கு, ஆனா பன்னி வளர்க்கிற பண்ணைகள் சுருங்கிப் போச்சு. ஊர் காலியாகிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவன் ஆட்சியில இருக்கிறவனைத் தண்டிப்பான். ரீகன் ஆட்சியில் கடன் நெருக்கடி வந்ததும், 1988-ல் நாடே புஷ் பக்கம் போனப்போ அயோவா டுகாகிஸுக்குப் போட்டது. இது முட்டாள் பண்ற வேலையா?

"சரி, 2018-ல் டிரம்ப் வரிச்சண்டை போட்டு, சீனா அமெரிக்க சோயாவுக்கு 25% வரி விதிச்சதே, அப்புறமும் 2020-ல் அவருக்கே போட்டாங்களே?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. ஒண்ணு, நஷ்டத்தை ஈடுகட்ட அரசு 2018-ல் 1,200 கோடி டாலர், 2019-ல் 1,600 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்குச்சு. ரெண்டு, சந்தையை அரசியலுக்காக அடைக்கிறது அவங்களுக்குப் புதுசில்லை. 1980-ல் சோவியத்துக்குத் தானியம் விற்கக் கூடாதுன்னு தடை போட்டவர் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர்.

அவங்க எடுத்தது சரியான முடிவுன்னு நான் சொல்லல. ஒரே பக்கம் உறைஞ்சு போன ஓட்டை எந்தக் கட்சியும் மதிக்காது. 2016, 2020, 2024 என்று மூணு தடவையும் அயோவா டிரம்புக்குப் போயாச்சு. ஜனநாயகக் கட்சியோ, 1972-லிருந்து அயோவாவில் முதல்ல நடத்தின வேட்பாளர் தேர்வை 2024-ல் வேற மாநிலத்துக்கு மாத்திடுச்சு. வேட்பாளர்கள் டீக்கடை டீக்கடையா ஏறி இறங்கின ஊர் அது. கேட்க வர்றதையே நிறுத்திட்டு "ஏன் எங்களுக்குப் போடல"ன்னா என்ன நியாயம்?

இன்னொண்ணு. தேர்தல் நாள் நவம்பர் செவ்வாய்க்கிழமை என்று 1845-ல் சட்டம் போட்டதே விவசாயிக்காகத்தான். அறுப்பு முடிஞ்சிருக்கும், ஞாயிறு சர்ச், திங்கள் வண்டிப் பயணம், புதன் சந்தை. இன்னைக்கும் அது தேசிய விடுமுறை இல்லை. அப்படியும் 2020-ல் நாடு முழுக்க நூத்துக்கு 66 பேர் ஓட்டு போட்டப்போ, அயோவாவில் 70-ஐத் தாண்டினாங்க.

வாக்குச்சாவடிக்கு வர்றவனுக்கு அறிவில்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவன் ஊர் நிலவரத்தை ஒரு தடவை விசாரிங்க. அங்கேயும் சரி, இங்கேயும் சரி.