தள்ளுவண்டிக்கு ஒரு காசு

உலகத்திலேயே மலிவான பொருள் எது தெரியுமா மக்களே? சம்பாதித்து செட்டில் ஆனவர் மற்றவங்களுக்குச் சொல்லும் யோசனை. காசா பணமா, சும்மா எடுத்து விடலாம். இன்றைக்கு நான் பிராண்டப் போகிற யோசனை அந்தக் காசைப் பற்றியதே.

சொன்னவர் ப்யோர்ன் உல்வேயுஸ். ஸ்வீடன்காரர். 1974-ல் 'வாட்டர்லூ' பாட்டோடு யூரோவிஷன் போட்டியை ஜெயித்த அபா குழுவின் நாலு பேரில் ஒருத்தர். (எழுத்துக்கூட்டினால் 'அப்பா' என்று வந்து தொலைக்கிறது, அதனால் அபா என்றே வைத்துக்கொள்வோம்.) 1976-ல் 'மணி, மணி, மணி' என்று உலகம் பூரா பணத்தைப் பற்றிப் பாட வைத்த அதே கோஷ்டி. பாட்டெல்லாம் எனக்கும் பிடிக்கும். சண்டை பாட்டோடு இல்லை.

விஷயம் இதுதான். அவர் மகன் வீட்டில் திருடு போனது. அப்பா உட்கார்ந்து யோசித்தார். திருடன் எடுத்துப்போன சாமானை என்ன செய்வான்? யாரிடமாவது தள்ளிவிட்டு ரொக்கம் வாங்குவான். ரொக்கம் என்ற ஒன்றே இல்லாவிட்டால்? சாமானை வாங்க ஆள் இருக்காது, திருட்டும் ஓய்ந்துவிடும். இப்படி ஒரு முடிவுக்கு வந்து, ஒரு வருஷம் நோட்டையும் நாணயத்தையும் தொடாமல் வாழ்ந்து பார்த்தார். ஒரே ஒரு அசௌகரியம்தான் இருந்ததாம். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியை அவிழ்க்க ஒரு நாணயம் தேவைப்பட்டது. அவ்வளவுதான். 2013 மே மாசம் ஸ்டாக்ஹோமில் அபா மியூசியம் திறந்தபோது அங்கே கார்டு மட்டும்தான், ரொக்கம் வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளை வீட்டில் களவு போனால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும். அதை நான் கிண்டல் செய்யவில்லை. அவர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லவில்லை. 2009 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமின் வெஸ்ட்பெர்யா பகுதியில் ஹெலிகாப்டரில் வந்து கூரையில் இறங்கி, பணக்கிடங்கை உடைத்து 39 மில்லியன் குரோனாவை அள்ளிக்கொண்டு போனார்கள். சினிமா இல்லைங்க, நிஜம். பஸ் டிரைவர்களை மிரட்டிக் காசு பறிக்கிறார்கள் என்று தொழிற்சங்கம் போராடித்தான் அங்கே பஸ்ஸில் ரொக்கம் நின்றது. 2013-ல் ஸ்டாக்ஹோம் ஓஸ்டெர்மால்மில் ஒரு வங்கிக்குள் கொள்ளையடிக்கப் புகுந்த ஆசாமி, இந்தக் கிளையில் ரொக்கமே கிடையாது என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்பினான். அவனை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கிறது :-)

ஆக, ரொக்கம் குறைந்ததால் நன்மை உண்டு. ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை 'ஒரே ஒரு அசௌகரியம்' என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

யாருக்கு ஒரே ஒரு அசௌகரியம்? ஸ்டாக்ஹோமில் வீடு, வங்கியில் கணக்கு, கையில் போன், ஊர் பூரா தெரிந்த முகம். இவ்வளவும் இருக்கிற ஒரு மனுஷருக்கு. அங்கே எல்லோரும் புழங்குகிற ஸ்விஷ் என்கிற செயலியை 2012-ல் பெரிய வங்கிகள் சேர்ந்து கொண்டுவந்தன. அது வேலை செய்ய ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேணும். பாங்க்ஐடி என்கிற மின் அடையாளம் வேணும். அதுக்கு அரசாங்கம் தருகிற அடையாள எண் வேணும். 2015-ல் மட்டும் அந்த நாட்டுக்குள் 1,60,000-க்கும் மேற்பட்டவர்கள் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். வந்து இறங்கின அன்றைக்கு அவர்கள் சட்டைப்பையில் இதில் எது இருந்திருக்கும்? போனைப் பிடித்தால் கை நடுங்கும் எண்பது வயசுப் பாட்டிக்கு? கணவன் அடி தாங்காமல், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கிற பெண்ணுக்கு? கூட்டுக் கணக்கில் ஒவ்வொரு செலவும் வரிவரியாக அந்தாளின் போனிலும் தெரியுமே, அவள் எங்கே ஒதுக்குவாள்?

சௌகரியத்தை அனுபவிக்கிறவர் சொல்லும் கணக்கில் அடுத்தவர் அசௌகரியம் வராது. அது பொய்க்கணக்கு என்றுகூட சொல்லமாட்டேன். அவர் வாசலில் நின்று பார்த்தால் தெருமுனை தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்வீடன் வேகமாக மாறினது எப்படி என்று பாருங்கள். கடையில் கடைசியாக வாங்கின பொருளுக்கு ரொக்கம் கொடுத்தேன் என்று சொன்னவர்கள் 2010-ல் 39 சதவீதம். 2018-ல் 13 சதவீதம். இது அந்த நாட்டு மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்கின் சர்வே. யாரும் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. ரொக்கம் செல்லும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கடைக்காரர் 'இங்கே ரொக்கம் வாங்குவதில்லை' என்று ஒரு போர்டு மாட்டிவிட்டால் போதும், அது அவருக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள ஒப்பந்தம் ஆகிவிடும். மியூசியத்தில் ஒரு போர்டு, காபிக் கடையில் ஒரு போர்டு, வங்கிக் கிளையிலேயே ஒரு போர்டு. ஓட்டெடுப்பு கிடையாது, விவாதம் கிடையாது. போர்டுகளாலேயே ஒரு நாட்டின் பணத்தை மாற்றிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் முதன்முதலாகக் காகித நோட்டு அடித்ததே இந்த ஸ்வீடன்தான், 1661-ல். அதுக்கு முன்னால் அங்கே செப்புத் தகட்டில் பணம். 1644-ல் அடித்த பத்து டாலர் தகடு ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ. (அந்த ஊர் டாலர், அமெரிக்க டாலர் இல்லை.) சம்பளத்தை வாங்கித் தலையில் சுமந்துகொண்டு போகவேண்டியதுதான். அந்தத் தொல்லைக்குத்தான் பால்ம்ஸ்ட்ருக் என்பவர் நோட்டு கண்டுபிடித்தார். கையிருப்புக்கு மேலே நோட்டாக அடித்துத் தள்ளி, சில வருஷத்தில் அவர் வங்கி கவிழ்ந்தது. அந்தக் களேபரத்துக்கு அப்புறம் 1668-ல் பிறந்ததுதான் ரிக்ஸ்பாங்க். உலகத்திலேயே பழைய மத்திய வங்கி. அதாவது, நம்பி ஏமாந்த அனுபவத்தில் பிறந்த வங்கி. அந்த வங்கியின் கவர்னர் ஸ்டெஃபான் இங்வெஸ் 2018-ல் எழுந்து, பணம் கைமாறுகிற வழி மொத்தமும் தனியார் கைக்குப் போவது சரியில்லை, சட்டம் வேண்டும் என்றபோது கேட்டிருக்கவேண்டும்.

அவருக்கும் முன்னாலேயே ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார். அவர் பேரும் ப்யோர்ன்தான், ப்யோர்ன் எரிக்சன். 'ரொக்கக் கலகம்' என்று ஒரு இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஆள் யாரோ தாடி வைத்த புரட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடன் தேசியப் போலீஸின் முன்னாள் தலைவர், இன்டர்போலின் முன்னாள் தலைவர். களவைப் பற்றி உல்வேயுஸைவிட இவருக்கு நாலு விஷயம் கூடுதலாகத் தெரியும் என்று நம்பலாம் இல்லையா? ரொக்கத்தை ஒழித்தால் குற்றம் ஒழியும் என்று சொல்ல உலகத்திலேயே தகுதியான ஆள், ரொக்கம் இருக்கட்டும் என்று கொடி பிடிக்கிறார். பாட்டுக்காரர் போலீஸ் மாதிரிப் பேசுகிறார், போலீஸ்காரர் பாட்டி மாதிரிப் பேசுகிறார். நான் பாட்டி கட்சி.

குற்றம் ஒழிந்ததா? வீடு மாறினது. வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று வயசானவர்களுக்குப் போன் போட்டு, பாங்க்ஐடியில் ஒரு தட்டு தட்டச் சொல்லி, ஆயுசு சேமிப்பை உருவுகிற கும்பல்கள் அங்கே தலைவலியாகிவிட்டன. ஹெலிகாப்டர் செலவுகூட மிச்சம்.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தள்ளுவண்டிப் பூட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாணயத்தை உள்ளே தள்ளினால் சங்கிலி கழன்றுவரும். வண்டியைத் திருப்பி விட்டால் நாணயம் திரும்ப வரும். நீ யார், எந்த ஊர், கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று அது கேட்காது. யாரிடமும் அனுமதி கேட்டு எந்த சர்வருக்கும் தகவல் அனுப்பாது. உன்னை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் செய்யாது. உல்வேயுஸ் தொந்தரவு என்று சொன்னதுதான் ரொக்கத்தின் முழு மகிமையும்! கார்டில் நாம் பணம் கொடுப்பதில்லை. கொடுக்கட்டுமா என்று கேட்கிறோம். தினமும் பத்து தடவை 'சரி' என்று பதில் வருவதால், கேட்கிறோம் என்பதே மறந்துபோய்விட்டது.

'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?' என்பீர்கள். ஸ்வீடன்காரர்களுக்கு அவர்கள் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை அதிகம். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வருமானத்தை வரி அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், யாரும் கூச்சப்படுவதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் பால்டிக் கடலுக்கு அந்தக் கரையில் கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தது. 1989-ல் ஸ்டாசி என்கிற உளவுத்துறையில் முழுநேர ஊழியர்கள் மட்டும் 91,000 பேர். யார் எங்கே போகிறார், யாரோடு சாப்பிடுகிறார், எந்தச் சர்ச்சில் கூடுகிறார் என்று குறிப்பெடுக்க அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். ஒரு வருஷத்து கார்டு விவரம் அதையெல்லாம் சம்பளம் வாங்காமல் சொல்லிவிடும். மருந்துக்கடை, கட்சி நன்கொடை, ராத்திரி பன்னிரண்டு மணி டாக்ஸி, எல்லாம். இன்றைய அரசாங்கம் நல்லது, சரி. சேர்த்து வைத்த விவரம் நாளைய அரசாங்கத்துக்கும் போகுமே?

அப்புறம் கரண்ட். 2025 ஏப்ரல் 28-ந் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் பல மணி நேரம் இருண்டு கிடந்தன. கார்டு இயந்திரங்கள் செத்துப்போயின. சட்டைப்பையில் நாலு யூரோ வைத்திருந்தவன் தண்ணீரும் ரொட்டியும் வாங்கினான். இதில் நேர்மையாக ஒன்று சொல்லணும். 2021 ஜூலையில் ஒரு சைபர் தாக்குதலில் ஸ்வீடனின் கூப் சூப்பர்மார்க்கெட் கடைகள் சுமார் 800 மூடிக்கிடந்தன. அங்கே ரொக்கமும் உதவவில்லை, கல்லாப்பெட்டியே கணினிதான், அதுவே பூட்டிக்கொண்டது. ஆகவே அது என் கட்சிக்குச் சாட்சி இல்லை. ஒரு ஊரின் சோறு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு மட்டும் சாட்சி.

கடைசியில் என்ன ஆச்சு? ஸ்வீடன் அரசாங்கமே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பெரிய வங்கிகள் ரொக்கச் சேவை தந்தே ஆகவேண்டும் என்று 2021 ஜனவரியில் இருந்து சட்டம். போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்று 2018-லும் 2024-லும் வீட்டுக்கு வீடு அனுப்பிய கையேட்டில், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்து நார்வே ஒரு படி மேலே போய், ரொக்கம் வாங்க மறுக்கும் கடைகளைப் பிடிக்க 2024 அக்டோபரில் சட்டத்தை இறுக்கியது. கையேட்டைப் படித்துவிட்டு, நல்ல பிள்ளையாக நோட்டு எடுக்கலாம் என்று ஒருத்தர் கிளம்பினால் வங்கிக் கிளையில் அந்தப் போர்டு தொங்குகிறது. சிரிப்பதா அழுவதா?

'ரொக்கம் மட்டும் ரொம்ப சுதந்திரமோ? அரசாங்கம் நினைத்தால் ஒரே ராத்திரியில் செல்லாது என்று சொல்லலாமே' என்று கேட்கப்போகிறீர்கள். 2016 நவம்பர் 8 ராத்திரியைத் தாண்டி வந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஸ்வீடனும் அதே 2016-ல் இருந்து பழைய நோட்டுகளைச் செல்லாதாக்கியது, ஆனால் முன்கூட்டியே தேதி சொல்லி, புதுசை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு. ஆக, ரொக்கமும் பூரண பாதுகாப்பு இல்லை. அதனால் என்ன? ஒரு கதவில் தாழ்ப்பாள் சரியில்லை என்பதற்காக அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைப்பீர்களா? வழி இரண்டு இருக்கட்டும் என்கிறேன். கார்டை ஒழி என்று நான் சொல்லவில்லை. நானும் போனை நீட்டித்தான் டீ குடிக்கிறேன். வேண்டாம் என்கிற உரிமை, அடுத்தவருக்காகவாவது இருக்கவேண்டும்.

ஸ்வீடனின் புது நோட்டுகளைப் படத்திலாவது பாருங்கள். இருபதில் குழந்தைகளுக்கு எழுதின ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன், நூறில் கிரேட்டா கார்போ, இருநூறில் நம்ம இங்மர் பெர்க்மன். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப்போன கார்போ, யாரும் பின்தொடர முடியாத ஒரு காகிதத்தில் இருப்பது எவ்வளவு பொருத்தம்! இத்தனை அழகாக அச்சடித்துவிட்டு, இதை வாங்கமாட்டோம் என்று கடைக்குக் கடை போர்டு. பெர்க்மனே எடுத்திருக்க வேண்டிய படம்.

உல்வேயுஸ் ஐயா, உங்கள் பாட்டுகளுக்கு நன்றி. அடுத்த தடவை சூப்பர்மார்க்கெட் வாசலில் நாணயம் இல்லாமல் நின்றால், பக்கத்தில் பை தூக்கி நிற்கிற பாட்டியிடம் கேளுங்கள். அவங்க முடிச்சில் ஒன்று இருக்கும். கொடுப்பாங்க, உங்க அடையாள எண்ணையெல்லாம் கேட்கமாட்டாங்க.